நிறுத்தத் தெரிந்தவர் எங்கள் அண்ணை

கூடப்பிறந்த அண்ணையைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் இருக்கிறார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அன்று அந்த வான் வண்டிக்குள் அண்ணையோடு இருந்தது நான் ஒருத்திதான். ஆகவே நான்தான் எழுத வேண்டும்.

அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் எனக்குப் பின்னால் இருந்த இருவர் கதைத்தது காதில் விழுந்தது.

"நல்ல மனுசன். பிடிவாதம்தான் கொண்டுபோனது. அண்டைக்கு அந்த ஸ்நோவுக்குள்ள ஆரும் வெளிக்கிடுவினமோ?"

"ஓம். ஆரின்ர சொல்லைக் கேட்டவர் அவர்? கால் விரலை அண்டைக்கே பஃபலோவில விட்டிட்டு வந்தவரல்லோ."

யாரென்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். அந்தக் கதை அந்த இருவரோடு நிற்கவுமில்லை. மூன்று வருடமாகக் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் திரிகிறது. அண்ணை உயிரோடு இருக்கும்வரை அதற்குப் பதில் சொல்லவில்லை. இது அவருடைய அந்தியேட்டி நாளில், முப்பத்தோராம் நாள் கிரியையில், உங்கள் கைக்கு வரும் நினைவு மலர். இதில் நான் பதில் சொல்கிறேன்.

அண்ணை வடமராட்சி அல்வாயில் பிறந்தார். எங்கள் தகப்பன், ஐயா, லொறி ஓட்டியவர். அம்மா, நான் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் இருவரையும் வளர்த்தது பெரியக்கா. அப்போது அக்காவுக்கே பாவாடை சட்டை வயது. அண்ணைக்குத் தலை சீவி இழுத்தது, எனக்குச் சோறு ஊட்டியது, ஐயா குடிவெறியில் வந்தால் எங்கள் முன்னால் நின்றது எல்லாம் அக்காதான். அண்ணையும் நானும் அம்மா என்று ஒருவரைக் கூப்பிட்டு வளரவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இதை முதலிலேயே எழுதுகிறேன். இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

அக்கா கலியாணம் முடித்து, அத்தானோடு அமெரிக்கா போனார். அத்தானுக்கு அங்கேதான் குடியிருக்கப் பேப்பர் கிடைத்தது. பஃபலோவில் வீடு வாங்கினார்கள். நாட்டில் பிரச்சினை பெரிதாகிய காலத்தில் அண்ணை கனடா வந்தார். பார்க்டேலில் ஒரு அறையில் ஆறேழு பெடியன்களோடு இருந்து ஹோட்டலில் கோப்பை கழுவினார். பிறகு சித்தப்பாவும் அண்ணையும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா எங்கள் ஐயாவின் தம்பி. இன்று எங்கள் குடும்பத்தில் மூத்தவர் அவர்தான். எனக்கு ஸ்பொன்சர் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

அண்ணை பெரிய ட்ரக் லைசென்ஸ் எடுத்தார். அமெரிக்கா முழுக்க ஓடினார். ஏறக்குறைய முப்பது வருடம்.

அண்ணைக்கு ஸ்நோ தெரியாது என்று சொல்பவர்களுக்கு இது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் முழுவதையும் ஒரு புயல் மூடியது. வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். அண்ணை அன்று பென்சில்வேனியாவில் நின்றார். அப்போது கையில் போன் கிடையாது. ட்ரக் நிறுத்தும் இடத்தில் காசு போட்டுக் கதைக்கும் போனில் கம்பனிக்குச் சொன்னார், நான் இதற்கு மேலே ஓட மாட்டேன் என்று. கம்பனியில் ட்ரக்குகளை அனுப்புகிறவரும் எங்கள் ஆள்தான்.

"எல்லாரும் ஓடுறாங்கள். உனக்கு மட்டும் என்ன நோவு?"

"ஓடுறவங்கள் வந்து சேந்தாப்பிறகு எனக்குச் சொல்லு. நான் அதுவரைக்கும் நித்திரை கொள்ளுறன்."

"வேலை போகும் தெரியுமே?"

"போனால் போகட்டும். வேலைதானே."

ஓடியவர்களில் பலர் மலைப்பாதையில் மாட்டினார்கள். அண்ணை ரோடு துப்பரவாகும்வரை இருந்து, சாமான் ஒன்றும் பழுதாகாமல் கொண்டுபோய் இறக்கினார். வேலையும் போகவில்லை.

தொண்ணூற்றாறு ஜனவரியில் நியூ ஜேர்சியில் ஸ்நோ கொட்டியது. அண்ணை நிறுத்தினார். தொண்ணூற்றெட்டில் ஐஸ் மழை பெய்து, நியூ யோர்க்கின் வடக்குப் பக்கமும் மொன்றியலும் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அண்ணை நிறுத்தினார். இரண்டாயிரத்துப் பதினாலு நவம்பரில் பஃபலோவின் தெற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேலே கொட்டியது. வடக்குப் பக்கத்தில் வெயில். அக்கா வீடு வடக்கில். அண்ணை ட்ரக்கை வெயிலில் நிறுத்திவிட்டு அக்கா வீட்டில் இருந்து சாப்பிட்டார். அக்கா எனக்குப் போன் எடுத்து, "உவன் இஞ்ச வந்து குந்திக்கொண்டு இடியப்பம் கேக்கிறான். ஸ்நோ கொட்டுறது உவனுக்குக் கொண்டாட்டம்" என்றார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் டெக்சாஸ் குளிர்ந்தது. அங்கே அப்படி ஒரு குளிர் வருமென்று யாரும் வீடு கட்டவில்லை. கரண்ட் போனது, தண்ணீர்க் குழாய் வெடித்தது. அண்ணை டல்லாசுக்கு வெளியே நிறுத்தினார். பக்கத்தில் காரில் இருந்த ஒரு மெக்சிக்கன் குடும்பத்தைக் கைக்குழந்தையோடு ட்ரக்குக்குள் ஏற்றி ஹீற்றரில் வைத்திருந்தார். எனக்குப் போனில் சொன்னார்: "இதுகள் ஸ்நோவைக் கண்டு சிரிக்குதுகள். ஸ்நோ கண்ட முதல்நாள் நானும் சிரிச்சனான்."

இவ்வளவையும் அவர் புகழுக்காக எழுதவில்லை. முப்பது வருடத்தில் அண்ணை ஒரு புயலுக்குள்ளும் ஓடவில்லை. கம்பனி ஏசியபோதும் ஓடவில்லை. காசு கூடத் தருகிறோம் என்றபோதும் ஓடவில்லை. அப்படிப்பட்டவர், வேலையை விட்டு வீட்டில் இருக்கும்போது, அறுபது தாண்டிய வயதில், சர்க்கரை நோய் என்கிற சீனி வருத்தத்தோடு, ஏன் ஒரேயொரு நாள் ஓடினார்? கதை சொல்லித் திரிந்தவர்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன் வந்த வியாழக்கிழமை. அக்கா அப்போது பஃபலோ ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சு வருத்தம். தேறி வருகிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் சித்தப்பா அண்ணைக்குப் போன் எடுத்தார். நான் அண்ணை வீட்டில்தான் நின்றேன்.

"தம்பி, அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸ். பாக்கிறதெண்டால் உடன வெளிக்கிடு."

அண்ணை அத்தானுக்கு எடுத்தார். அத்தான் தூக்கவில்லை. அக்காவின் மகனுக்கு எடுத்தார். அவனும் தூக்கவில்லை.

அடுத்த நாள் பெரிய புயல் வருகிறது என்று எல்லா ரீவியிலும் சொன்னார்கள். அண்ணைக்குத் தெரியும். தெரிந்துதான் வெளிக்கிட்டார். ஒளிக்க ஒன்றுமில்லை. அண்ணிக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை, விட முடியாது. நான் வருகிறேன் என்றேன். அண்ணை வேண்டாம் என்றார். "அவ எனக்கும் அக்காதான்" என்றேன். அப்படியென்றால் விடிய முன்பே வெளிக்கிட வேணும் என்றார்.

வெள்ளிக்கிழமை விடிய முன்பே ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டோம். மழை. ஒரு பொட்டு ஸ்நோ இல்லை. "அந்த ஸ்நோவுக்குள்ள" வெளிக்கிட்டோம் என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

போர்ட் ஈரி வரைக்கும் மழைதான். அங்கே, அமெரிக்காவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு கோப்பிக் கடை வாசலில் அண்ணை வானை நிறுத்தினார். இறங்கிப்போய் ஏரிப் பக்கம் பார்த்தார். தேங்கி நின்ற தண்ணீருக்குள் கால் வைத்து இரண்டு சப்பாத்தும் ஊறிப்போனது. வந்து ஏறினார். ஏறி உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை.

"காத்து மாறப்போகுது. இன்னும் கொஞ்ச நேரத்தில எல்லாம் இறுகும். இதில நிக்கிறதுதான் சரி" என்றார்.

"அப்ப நிப்பம்."

"அக்கா?"

அண்ணை சித்தப்பாவுக்கு எடுத்தார். போன் வானின் ஸ்பீக்கரில் போனது. ஆகவே இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. அன்று அதைக் கேட்டது மூன்று பேர். அண்ணை போய்விட்டார். சித்தப்பா இருக்கிறார். நான் இருக்கிறேன்.

"சித்தப்பா, நான் போர்ட் ஈரியில நிக்கிறன். புயல் வரப்போகுது. அக்கா எப்பிடி? நாளைக்குப் போனால் போதுமோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"என்ன தம்பி, சொன்னனானெல்லோ."

"இதில நிக்கவோ, போகவோ? நீங்கள் நில் எண்டால் நிக்கிறன்."

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். மூச்சு கேட்டது.

"நிண்டால் முகம் பாக்கமாட்டாய்" என்றார்.

அண்ணை போனை வைத்தார். திருநீற்றைத் தொட்டு நெற்றியில் வைத்தார். பாலத்தில் ஏறினோம். அங்கே நின்ற அமெரிக்க ஒபிசர், "புயல் வருகிறது, எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். "அக்கா, ஹொஸ்பிட்டல்" என்றார் அண்ணை. அவர் பேப்பரைத் திருப்பித் தந்து, சுணங்காமல் போய்ச் சேருங்கள் என்றார்.

அண்ணை அன்றும் நிறுத்தினார். அதைத்தான் நான் எழுத வந்தேன். நிறுத்தினார், கேட்டார். கேட்டதற்கு வந்த பதில்தான் அவரைப் பாலம் ஏற்றியது.

பஃபலோவுக்குள் இறங்கிக் கொஞ்சத் தூரம்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து வானைத் தள்ளியது. மழை நின்றது, ரோடு இறுகியது, அடுத்ததாக முன் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இல்லை. வானம் இல்லை, வீடு இல்லை, எங்கள் வானின் மூக்குக்கூட இல்லை. அண்ணை பெருந்தெருவை விட்டு இறங்கினார். வீடுகள் உள்ள ஒரு தெருவில், யாரோ விட்டுப்போன காருக்குப் பின்னால், வான் புதைந்து நின்றது. அவசர நம்பருக்கு எடுத்தோம். இப்போது யாரும் வர முடியாது, வண்டிக்குள்ளேயே இருங்கள் என்றார்கள்.

எஞ்சினை நிறுத்தினால் குளிரில் சாவோம். ஓடவிட்டால், பின்னால் புகைக்குழாயை ஸ்நோ மூடி, புகை உள்ளே வந்து சாவோம். ஆகவே அண்ணை இறங்கிப் போய்க் குழாயைத் துப்பரவாக்கினார். வந்து இருந்தார். திரும்பவும் இறங்கினார். ஈரச் சப்பாத்தோடு. பகல் முழுக்க.

"நான் ஒருக்காப் போறன் அண்ணை."

"உன்ர சப்பாத்து சேலில மலிவாய் எடுத்தது. இரு பேசாமல்."

"உங்கட கால் எப்பிடி?"

"முதல் நொந்தது. இப்ப நோகேல்லை."

நோகவில்லை என்றால் நல்லது என்று நினைத்தேன். அது கால் மரத்துச் சாகிற அறிகுறி என்று எனக்குத் தெரியாது. அண்ணைக்குத் தெரிந்திருக்கும்.

ஒருமுறை வந்து ஏறியபோது புருவமெல்லாம் வெள்ளை. "அக்கா இதைப் பாத்தால் என்ன சொல்லுவா?" என்றார்.

"ஏசுவா."

"நல்லா ஏசட்டும். அவ ஏசக் கேட்டாப் போதும் எனக்கு."

பின்னேரம் வெளிச்சம் குறையத் தொடங்க, கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கூட்டும் தும்புத்தடியின் காம்பு. பிடித்திருந்தது ஒரு கறுப்பினப் பெண். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் உடுப்புக் காயப்போடும் கயிறு. அதன் மற்ற முனை வீட்டு வாசல் தூணில் கட்டியிருந்தது. "இதுக்குள் இருந்தால் சாவீர்கள், வாருங்கள்" என்றார். கயிற்றைப் பிடித்துப் போனோம். வீடு மிகக் கிட்ட. பகல் முழுக்க அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருக்கும் எங்கள் வான் தெரியவில்லை. காற்று ஒருகணம் அடங்கியபோது லைற்றைக் கண்டாராம்.

அவர் பெயர் லொரேன். கரண்ட் இல்லை, காஸ் அடுப்பு இருந்தது. அண்ணையின் சப்பாத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. விரல்கள் மெழுகு மாதிரி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் வைத்துவிட்டு, தான் பள்ளிக்கூடம் போன காலத்தில், எழுபத்தேழாம் ஆண்டு வந்த புயலைப் பற்றிச் சொன்னார். இறுகிய ஏரியின் மேலே கிடந்த ஸ்நோ முழுவதையும் காற்று ஊருக்குள் கொண்டுவந்து கொட்டியதாம். வேலைக்குப் போன தகப்பன் நாள்கணக்கில் வீடு வரவில்லையாம். "அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வெளியே ஒரு லைற் தெரிந்தால் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார். அண்ணை அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை லொரேனின் போனில் அக்காவின் மகனுக்கு எடுத்தோம். புது நம்பர் என்றபடியால் தூக்கினான். அவன் அமெரிக்காவில் பிறந்தவன். தமிழ் கொஞ்சம் வரும்.

"தம்பி, மாமா கதைக்கிறன். அம்மா கண் முழிச்சவவோ?"

"மாமா? வேர் ஆர் யூ?"

"பஃபலோவிலதான். ஸ்நோவுக்குள்ள மாட்டுப்பட்டுப் போனம். அம்மா எப்பிடி?"

பெடியன் அழுதான்.

"மாமா, அம்மா தேர்ஸ்டே போயிட்டா. தேர்ஸ்டே ஆஃப்டர்நூன். டிட் நோபடி டெல் யூ? சித்தப்பா தாத்தா சொல்றேன் எண்டு சொன்னார். எங்களை போன் எடுக்க வேணாம் எண்டு அப்பா சொன்னார்."

வியாழன் மத்தியானம். சித்தப்பா எங்களுக்குப் போன் எடுத்தது அதற்குப் பிறகு, வியாழன் பின்னேரம்.

"ஓம் தம்பி, விளங்குது" என்று சொல்லி அண்ணை போனை என் கையில் தந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் லொரேனுக்கு விளங்கிவிட்டது. நான் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டார், சரியாக விளங்கியதோ என்று. "முதலே இறந்துவிட்டார். அது தெரிந்தும் உங்களை இதற்குள் ஓடவிட்டார்களா?" என்றார். எங்கள் வழக்கம் அது என்று ஒரு வெளியாளுக்கு எப்படிச் சொல்வது.

வழக்கம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். செத்தவரைச் செத்துவிட்டார் என்று சொல்ல மாட்டோம். கொஞ்சம் சீரியஸ் என்போம். தூரத்தில் இருப்பவர் பதறுவார், வழியில் ஏதும் நடந்துவிடும், வந்து சேர்ந்தபிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்போம். நாட்டில், பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருகிறவருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இங்கே அது ஆளைப் புயலுக்குள் ஓட்டுகிறது.

அண்ணை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"செத்தவவைப் பாக்க ஆர் அவசரப்படுறது? சொல்லியிருந்தால் போர்ட் ஈரியில கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்டிருப்பன். அழுதுகொண்டு நிண்டிருப்பன். ஆனால் நிண்டிருப்பன்."

ரோடு திறந்தபிறகு அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது காலில் ஐந்து விரலும் போனது. இடது காலில் இரண்டு. ஊரே ஸ்நோவுக்குள் கிடந்தபடியால் அக்காவின் காரியமும் சுணங்கியது. ஆகவே சக்கர நாற்காலியில் போய் அண்ணை முகம் பார்த்தார். நிண்டால் முகம் பார்க்க மாட்டாய் என்றார் சித்தப்பா. போர்ட் ஈரியில் நின்றிருந்தாலும் அதே முகத்தை அதே நாளில்தான் பார்த்திருப்போம். இரண்டு காலில் நின்று பார்த்திருப்போம்.

அக்காவின் உடல் வைத்திருந்த அந்த மண்டபத்தில் நடந்ததைப் பலர் கண்டீர்கள். சித்தப்பா வந்து அண்ணையின் தோளில் கை வைத்தார்.

"உன்ர நன்மைக்குத்தான் தம்பி சொன்னனான். செத்திட்டா எண்டு சொன்னால் அழுதுகொண்டு ஓடி வானை எங்கயும் அடிச்சுப்போடுவாய் எண்டு பயந்திட்டன்."

"என்ர நன்மையை ஆஸ்பத்திரியில வெட்டி வாளிக்குள்ள போட்டிட்டாங்கள் சித்தப்பா. வேணுமெண்டால் போய்ப் பாருங்கோ."

அண்ணை மரியாதையில்லாமல் கதைத்தார் என்று அதற்கும் ஒரு கதை வந்தது. அவர் சத்தம் போடவில்லை. கையைத் தட்டிவிடவுமில்லை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா கெட்டவர் அல்ல. எங்களுக்கு எவ்வளவோ செய்தவர். அன்று அவர் சொன்னது பொய். இரண்டும் உண்மை. அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும். இதை மலரில் போட வேண்டாம் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நான் அண்ணியைக் கேட்டேன். அண்ணி, "போடுங்கோ. அவர் போட்டிருக்கமாட்டார். அதுக்காகவே போடுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணை மூன்று குளிர்காலம் இருந்தார். முடங்கிப் படுத்தார் என்று நினைக்க வேண்டாம். விரல் இல்லாத காலுக்குச் சப்பாத்துச் செய்வித்து நடக்கப் பழகினார். முதல் ஸ்நோ விழுந்த அன்று வீட்டு வாசலில் ஸ்நோவை வழிக்க அவரே இறங்கினார். அண்ணி யன்னலைத் திறந்து ஏசினார்.

"உந்தக் காலோட உது என்ன விசர் வேலை?"

"ஸ்நோ கேட்ட பங்கைக் குடுத்திட்டன். மிச்சம் என்ர. கதவைப் பூட்டு, சூடு போகுது."

தன் வாசல் முடித்து, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் வாசலையும் வழித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

லொரேனோடு ஒவ்வொரு நத்தாருக்கும் போனில் கதைத்தார். ஒருமுறை கோடையில் பஃபலோ போய் அவருக்குச் சேலை கொடுத்து வந்தோம். அத்தானோடும் கதைத்தார். ஒருவரோடும் அண்ணை முறிக்கவில்லை. தன்னைப் பற்றித் திரிந்த கதை அவருக்குத் தெரியும். ஏன் நீங்கள் போர்ட் ஈரியில் கேட்டதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் சித்தப்பா ரோட்டில தலை நிமிர்ந்து நடக்கேலாது. எண்பது வயசு மனுசன். நான் எப்பிடியும் நொண்டி நொண்டித்தானே நடக்கிறன்" என்றார்.

அது அவருடைய குணம். எனக்கு அந்தக் குணம் இல்லை.

சீனி வருத்தக்காரருக்குக் காலில் புண் வந்தால் மாறாது. வலது பாதத்தில் விரல் எடுத்த இடம் போன வருடம் திறந்துகொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிருமி இரத்தத்தில் கலந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அண்ணை என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நான் செத்தால் என்ன சொல்லுவாய்?"

"ஏன் இப்ப உந்தக் கதை."

"சொல்லு."

"செத்திட்டார் எண்டு சொல்லுவன்."

"ஆருக்கும் சீரியஸ் எண்டு சொல்லாதை. மகளுக்கும் சொல்லாதை. ஒருத்தரையும் ரோட்டில ஏத்தாதை."

"சரி."

"அண்ணி சொல்லமாட்டா. அழுவா. நீதான் சொல்லவேணும்."

"சொல்லுறன் அண்ணை."

அண்ணை போன அன்று காலையும் வெளியே ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஓடவில்லை. பெருந்தெருவில் கார்கள் குறுக்கே கிடக்கின்றன என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் கதிரையில் இருந்து ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன்.

முதலில் மொன்றியலில் இருக்கும் அண்ணையின் மகளுக்கு.

"மாமி, அப்பா எப்படி? நான் வெளிக்கிடவா? பாக் பண்ணிட்டேன்."

"அப்பா செத்திட்டார் பிள்ளை. இப்ப கொஞ்சம் முந்தி. நானும் அம்மாவும் பக்கத்தில நிண்டனாங்கள்."

அவள் அழுதாள். நான் போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுது முடிய, "நான் வாறேன், இப்பவே வாறேன்" என்றாள்.

"வராதை. அப்பா போயிட்டார். நீ ஓடிவந்து பிடிக்க ஒண்டும் இல்லை. ரோட்டைத் துப்பரவாக்கினாப்பிறகு வா. நாங்கள் காரியத்தைத் தள்ளி வைச்சிருப்பம். நீ வராமல் ஒண்டும் நடவாது."

"ப்ரொமிஸ்?"

"ஓம்."

மற்றவர்களுக்கும் அதே சொல்லைத்தான் சொன்னேன். ஒருவர், "இப்பிடியே முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லுறது?" என்று கோபித்தார். ஒருவர் போனை வைத்துவிட்டார். பிறகு சித்தப்பாவுக்கு எடுத்தேன்.

"சித்தப்பா, அண்ணை செத்திட்டார்."

"நான் வரவேணும்" என்றார்.

"ஸ்நோ நிண்டாப்பிறகு வாங்கோ. உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி உங்கட மகனுக்குச் சொல்லுறன். இண்டைக்கு வெளிக்கிட வேண்டாம்."

"நில் எண்டுதானே சொல்லுறாய்?"

"ஓம் சித்தப்பா. நில்லுங்கோ."

போனில் அவர் அழுத சத்தம் கேட்டது. நான் வைக்கவில்லை. அவர் வைக்கும்வரை இருந்தேன்.

அண்ணையின் காரியங்களில் உதவிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்த அண்ணியின் சகோதரங்களுக்கு. சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கு. கிரியை செய்த ஐயருக்கு. தேவாரம் பாடிய பிள்ளைகளுக்கு. கோடையில் நாங்கள் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, அதன்மேலே பெரிய கோட்டுப் போட்டு, பஃபலோவிலிருந்து வந்து பின்வரிசையில் இருந்த லொரேனுக்கு. பெட்டியைத் தோளில் தாங்கிய அக்காவின் மகனுக்கு.

இப்படியான மலர்களில், செய்தி கேட்டு உடனே ஓடி வந்தவர்களுக்கு நன்றி சொல்வார்கள். எங்களிடம் அப்படி ஒருவரும் ஓடி வரவில்லை. அண்ணை செத்துவிட்டார் என்ற சொல்லைக் கேட்டு, அழுது, கதவைச் சாத்தி, ரோடு துப்பரவாகும்வரை வீட்டில் இருந்தீர்கள். மகள் மூன்றாம் நாள் வந்தாள். சித்தப்பா நான்காம் நாள் வந்து அண்ணையின் காலடியில் நின்றார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிந்தி வந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி.

தங்கச்சி
ஸ்காபரோ